பாட்டுக்கு நடுவில் இருந்தவன்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு எல்லாம் பிசகத் தொடங்கியது. அதுவரை திருநெல்வேலி என்னிடம் நல்லபடியாகவே நடந்துகொண்டது. ஜங்ஷன் பக்கத்து விடுதியில் கேட்ட நேரத்துக்கு வெந்நீர் வந்தது. தோசைக்குப் புளிமிளகாய் வைத்தார்கள். ஆட்டோக்காரர் வழி தவறவில்லை. வானொலி நிலையத்தில் ஒலிநாடா அறைக்குப் பொறுப்பான அதிகாரி எனக்கு நாற்காலி போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பி, நான் சொன்னது முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்து, "அது இருக்காதேம்மா" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

நான் மலேசியாவில், தைப்பிங்கில், ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் மகன் முகிலன் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தான். படிக்கிற காலத்தில் வியாழக்கிழமை மாலைகளில் இந்த வானொலியில் இளைஞர் நிகழ்ச்சி நடத்தினான். நேயர் கடிதங்களைப் படிப்பான், நடுவில் சினிமாப் பாட்டுப் போடுவான். முதல் நாளே ஒலிநாடாவில் பதிந்து மறுநாள் ஒலிபரப்புவார்களாம். படிப்பு முடித்து ஊர் திரும்பி வேலையில் சேர்ந்த மறு வருடம், ஈப்போ சாலையில் ஒரு லாரி அவன் மோட்டார் சைக்கிளைத் தட்டியது.

பிழைத்துக்கொண்டான். நடக்கிறான், சாப்பிடுகிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்தால் என் கையைப் பிடித்துக்கொள்கிறான். பேச்சு மட்டும் வரவில்லை. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சீனப் பெண் மலாயில் என்னிடம் கேட்டார்: "இவருடைய பழைய குரல் வீட்டில் இருக்கிறதா? தன் குரலைத் தானே கேட்பது சிலருக்கு உதவுகிறது. எல்லோருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொண்டுவந்தால் முயற்சி செய்வேன்."

வீடெல்லாம் தேடினோம். பிறந்த நாளிலிருந்து பட்டமளிப்பு வரைக்கும் புகைப்படம் இருக்கிறது. குரல் இல்லை. பேசிக்கொண்டே வீட்டுக்குள் அலைகிற பிள்ளையின் பேச்சை யார் பதிந்துவைப்பார்கள்? அவன் குரல் நாடாவில் ஏறிய இடம் உலகத்தில் ஒன்றுதான். மகனைக் கணவர் பார்த்துக்கொள்ள, நான் கிளம்பி வந்தேன்.

அந்த ஒலிநாடா அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிரூட்டி இருந்தது, ஓடவில்லை. இரும்பு அலமாரிகளில் அட்டைப்பெட்டிகள் நின்றன. மூலையில் ஒரு ஊழியர், மேசைமேல் இருந்த தட்டையான எந்திரத்தில் நாடாச் சுருளை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். எந்திரம் உறுமியது. கவிழ்த்து வைத்து இன்னொரு சுற்று. பிறகு அதைப் பெட்டியில் போட்டு அடுத்ததை எடுத்தார். மாவு அரைக்கிறவர் போல, நிதானமான கை.

"என்ன செய்கிறார்?" என்று கேட்டேன்.

"அழிக்காரும்மா. அது காந்தம்" என்றார் அதிகாரி. "நாடா எங்களுக்கு மேலேந்து அளந்துதான் வருது. ஒலிபரப்பு முடிஞ்சா அழிச்சு, அதுலயே அடுத்தது பதியணும். ஒரு நாடா பத்து இருபது வாட்டி சுத்தி வரும்."

"இப்போது அழித்ததில் என்ன இருந்தது?"

ஊழியர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "கருங்குளத்து விவசாயி ஒருத்தரு பேசுனது. வாழையில வாடல் நோய். முந்தாநாளு போட்டாச்சு."

அந்த விவசாயிக்கும் ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

அதிகாரி கெட்டவர் இல்லை. அவரே எழுந்து என்னை உள் அலமாரிக்கு அழைத்துப்போய்க் காட்டினார். அங்கே இருந்த பெட்டிகளில் சிவப்பு மையில் 'அழிக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது. தலைவர்கள் வந்து பேசியது, பெரிய வித்வான்கள் பாடியது, கோயில் குடமுழுக்கு வர்ணனை. "இதுல முக்கியமானதுக்கு ஒரு பிரதி டெல்லிக்குப் போவும். அங்க பத்திரமா இருக்கும்."

"அங்கே போய் யாரும் கேட்கலாமா?"

"கேக்கணும்னு இதுவரை யாரும் வந்ததில்லம்மா. வந்தாலும் அனுமதிக்கு எழுதணும், அங்க உள்ளவுக யோசிக்கணும்..." என்று இழுத்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முகிலன எனக்குத் தெரியும். இந்த நாற்காலியிலதான் உக்காந்து கடிதம் பிரிப்பான். அவன் ஒருத்தனுக்காக எடுத்து வச்சிருக்கணும்னு அன்னைக்கு யாருக்குத் தோணும், சொல்லுங்க?"

யாருக்கும் தோன்றாதுதான். ஒரு நாடு எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும்போது, யாருக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டா முடிவு செய்கிறது? பெரியவர்களின் பேச்சைப் பூட்டி வைக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. தேடி வருகிறவர்கள் கேட்பது வேறு எதையோ. அது நேற்றே காந்தத்தின் மேல் சுற்றி முடிந்திருக்கும். அலமாரிகளின் நடுவில் நின்றேன். சுற்றிலும் இத்தனை குரல்கள். ஒன்றுகூட என் பிள்ளையுடையது இல்லை.

வெளியே வரும்போது அவர் ஒரு வழி சொன்னார். நேயர்கள் சிலர் வீட்டிலேயே வானொலியைப் பதிவு செய்வார்கள், டவுணில் கேசட் கடைக்காரர்களுக்கு அவர்களைத் தெரிந்திருக்கும் என்றார்.

மறுநாள் டவுணுக்குப் போனேன். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ரத வீதிகள். எங்கள் ஊர்ப் பெரிய சந்தையில் சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் இருக்கும் கூட்டம் இங்கே சாதாரண புதன்கிழமைக்கே இருக்கிறது. அல்வாக் கடை வாசலில் ஆட்கள் நின்றபடியே வாழையிலைத் துண்டில் சுடச்சுட வாங்கி விழுங்கினார்கள். நானும் வாங்கினேன். நெய் விரல் வழியாக மணிக்கட்டுக்கு இறங்கியது. முகிலன் எழுதிய முதல் கடிதத்தில் பாதி இந்த அல்வாவைப் பற்றித்தான். அதற்கு மேல் எனக்கு இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர், "சூடு ஆறுனா ருசி போயிரும்மா, வெரசா சாப்பிடுங்க" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவரே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேசட் கடை வைத்திருந்தவர் மேலப்பாளையத்துக்காரர், காதர் பாய். கடை ஒரு ஆள் அகலம்தான். தரையிலிருந்து கூரை வரை கேசட்டுகள். வாடிக்கையாளர் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார். நான் சொன்னதைக் கேட்டு ஒலிபெருக்கியை நிறுத்தினார்.

"எங்க கடையில ஆயிரம் பாட்டு இருக்குக்கா, ஒரு பேச்சு கிடையாது. பேச்சு பதிஞ்சு தாங்கன்னு யாரும் வந்ததே இல்ல" என்றவர், நெற்றியைச் சொறிந்தார். "ஸ்ரீவைகுண்டத்துல பலவேசம் அண்ணாச்சின்னு ஒருத்தரு. வாழைத்தார் யாவாரம். சரியான ரேடியோக் கோட்டி. வெத்துக் கேசட்டு பெட்டிபெட்டியா எங்கிட்டதான் வாங்குவாரு. சாயந்திர நிகழ்ச்சி ஒண்ணு விடமாட்டாரு, எல்லாத்தையும் பதிஞ்சு நாளு கிழமை எழுதி அடுக்கி வச்சிருக்காரு. வியாழக்கிழமையும் இருக்கும்."

கடைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறிப்போய்ப் பக்கத்துக் கடையிலிருந்து சோடா வரவழைத்தார்.

"துவா செய்யுதேன்க்கா. பையன் பேசிருவான். பேசுனதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க."

அன்று மாலை தொலைபேசிக் கூண்டிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். "கிடைத்துவிடும் போல இருக்கிறது" என்றேன். "அவனிடம் சொல்லட்டுமா?" என்று கணவர் கேட்டார். சொல்லுங்கள் என்றேன்.

வியாழக்கிழமை ஸ்ரீவைகுண்டத்துக்குப் பேருந்து. எங்கள் ஊரில் ஆளுக்கு ஓர் இருக்கை என்று பழகியவளுக்கு இது வேறு உலகம். என் மடியில் யாருடையதோ முருங்கைக்காய்க் கட்டு, காலடியில் யாருடையதோ தூக்குவாளி. ஜன்னலில் வயலும் வாழையும் மாறி மாறி வந்தன. நதி சிறிது நேரம் கூடவே வந்து, பிறகு மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. கருங்குளம் தாண்டியதும் வண்டிக்கு அடியில் வெடிச்சத்தம். எல்லோரும் இறங்கினோம்.

"மாத்துச் சக்கரம் இருக்குல்லா? எடுத்து மாட்டும்வே" என்று ஒருவர் நடத்துநரை அதட்டினார்.

"மாத்துச் சக்கரந்தான் அண்ணாச்சி இப்பம் வெடிச்சது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அன்றைக்குச் சிரிக்க எனக்கு இடம் இருந்தது. புளியமரத்தடியில் வெயில் தாழும்வரை காத்திருந்து, அடுத்த பேருந்தில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

பலவேசம் அண்ணாச்சிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை வேட்டியில் வாழைக்கறை. விஷயத்தைச் சொன்னதும் உள்ளே பார்த்துக் கத்தினார்: "ஏட்டி சண்முகக்கனி, இங்கன வா! அந்த மலேசியாக்காரப் பய இருக்காம்லா, வியாழக்கிழமை பய, அவங்க அம்மா வந்திருக்காவ!"

அவர் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தார். "யாரு, முகிலனா? ஏம்மா, அவன் எங்க வீட்டுப் பிள்ள மாதிரில்லா!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முன்பின் அறியாத ஊரில், முன்பின் அறியாத பெண், என் பிள்ளையின் பெயரைச் சொல்கிறார். விபத்தைச் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சாப்பிடாமல் எதையும் காட்டமாட்டேன் என்று அண்ணாச்சி ஒரே பிடிவாதம். உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல், வாழைப்பூப் பொரியல். சனிக்கிழமை சென்னை வண்டிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வேகவேகமாகச் சாப்பிட்டேன். பிறகு அவர் மச்சு அறைக்கு அழைத்துப்போனார். ஒரு சுவர் முழுக்க மரப்பலகை அடித்து, கேசட்டுகள் முதுகு தெரிய அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் கிழமை, மாதம். வானொலி நிலையத்து அறையைவிடச் சுத்தம். எலி வராமல் கம்பிவலை, ஈரம் ஏறாமல் வேப்பிலை. வியாழக்கிழமைகளுக்கு என்று தனி வரிசையே இருந்தது. நான் அதைத் தொட்டேன்.

அவர் ஒன்றை எடுத்து டேப் ரிக்கார்டரில் போட்டார். பாட்டு வந்தது. முடிந்தது. சட்டென்று அடுத்த பாட்டு வந்தது.

அவர் புன்னகையோடு என்னைப் பார்த்தார். எனக்குப் புரியவில்லை. மூன்றாவது பாட்டும் அப்படியே வந்தது.

"அவன் பேசுவது எங்கே வருகிறது?" என்று கேட்டேன்.

"பேச்சா?" என்றார் அண்ணாச்சி. அப்போதும் அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது. "பேச்சு ஒண்ணு இருக்காதும்மா. மத்தவுக பதிஞ்சா பாட்டுக்கு நடுவுல வளவளன்னு கெடக்கும். நம்ம கேசட்டுல ஒரு தும்மல் கேக்காது. பக்கத்துலயே உக்காந்து, பேச ஆரம்பிச்சதும் நிறுத்துத பொத்தான ஒரே அமுக்கு. அடுத்த பாட்டு தொடங்குனதும் விட்டுருவேன். இந்த விரலுக்கு இந்த ஜில்லாவுலயே..."

அதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"எல்லாவற்றிலுமா?" என்றேன்.

"எல்லாத்துலயும்."

சண்முகக்கனி பொறுக்கமாட்டாமல், "பொம்பளப் பிள்ள பேசுனா மட்டும் இவுகளுக்கு வெரலு வழுக்கிரும்மா. செவ்வாக்கெழமை கேசட்டப் போட்டுப் பாருங்க, அந்தப் பிள்ள வணக்கம் சொல்லுததுலேந்து நன்றி சொல்லுதது வரைக்கும் இருக்கும். ஆம்பளப் பயலுவ பேச்சுத்தான் ஆவாது" என்றார்.

"நீ சும்மா இரி."

"என்ன சும்மா இரி? அந்தப் பய பேச்சு எனக்குப் பிடிக்கும், விட்டுவையுங்கன்னு எத்தன மட்டம் சொன்னேன்? 'சவத்துப் பேச்சு, நாடா வீணாப் போவுது'ன்னியள்லா?"

நிலையத்தில் பாட்டு வெளியே வாங்கிய இசைத்தட்டு, பேச்சுதான் அவர்களுடையது. அதை அழித்தார்கள். இந்த மனிதர் எந்தக் கடையிலும் கிடைக்கிற பாட்டை வேப்பிலை போட்டுக் காத்தார். எங்கும் கிடைக்காத பேச்சை வருடக்கணக்காக, ஒரு வியாழக்கிழமைகூட விடாமல், கூர்ந்து கேட்டுக்கேட்டு வெளியே தள்ளியிருக்கிறார். அவ்வளவு கவனமாக என் பிள்ளையை வேறு யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"நான் அழிக்கலம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்து. "பதியத்தான் இல்ல."

சண்முகக்கனி என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் சொல்லுதேன் கேளுங்க. தொடங்கும்போது எப்பிடிச் சொல்லுவாந் தெரியுமா? 'பீடி சுத்துற அக்காமார்களே, கை வேலை செய்யட்டும், காதை மட்டும் எனக்குக் கொடுங்க' அப்பிடிம்பான். நாங்க அஞ்சாறு பேரு முறத்த மடியில வச்சிக்கிட்டுச் சிரிப்போம். ஒரு மட்டம் தும்மிட்டு, 'மன்னிக்கணும், இது தாமிரவருணித் தண்ணி'ன்னான்."

அவர் குரலை மாற்றி, அவனைப் போலவே இழுத்துச் சொன்னார். கடைசிச் சொல்லை அவன் சற்று மேலே தூக்கி நிறுத்துவான். தைப்பிங்கில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். அந்தத் தூக்கு அந்தப் பெண்ணின் வாயில் சரியாக வந்தது. நான் எழுந்து மாடிப்படியில் இறங்கி, தெருவுக்கு வந்த பிறகுதான் செருப்பு போடவில்லை என்று தெரிந்தது.

திரும்பும்போது எந்தப் பேருந்தில் வந்தேன், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நினைவில்லை. தொலைபேசிக் கூண்டின் முன்னால் நின்றேன். உள்ளே போகவில்லை. அவனிடம் சொல்லச் சொல்லியிருந்தேனே, அதை எப்படித் திருப்பி எடுப்பது?

ரயிலுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. விடுதி அறையில் இருக்க முடியாமல், எதிரே நின்ற பேருந்தில் ஏறினேன். அது பாபநாசத்தில் போய் நின்றது. மலை அடிவாரம், கோயில், கோயிலுக்கு முன் நதி. படித்துறையில் பெரிய பெரிய மீன்கள். பொரி வாங்கிப் போடுகிறார்கள். தண்ணீர் எங்கள் தைப்பிங் ஏரியைப்போல் அசையாமல் கிடப்பதில்லை. கல்லுக்குக் கல் இரைந்துகொண்டு போகிறது. ஒரு குடும்பம் ஈரத்துணியோடு நின்று சண்டை போட்டது. "ஏலே, பைய இறங்குன்னு சொன்னேம்லா? சோப்பு போச்சா?" என்று தந்தை மகனைத் திட்டினார். மகன் பதிலுக்கு ஏதோ சொன்னான். தந்தை அடிக்கக் கை ஓங்கினார். நான் அந்த மகனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பேச்சு! எவ்வளவு அலட்சியமாக வாயிலிருந்து விழுகிறது!

கோயிலுக்குள் போகவில்லை. கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றியது. தேநீர்க் கடையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து ஒரு பெண் பேச ஆரம்பித்ததும் கடைக்காரர் ஒலியைக் குறைத்தார். எனக்கு முன்னால் தேநீர் ஆறிப் பாலாடை கட்டியது.

சனிக்கிழமை மாலை ஜங்ஷன் ரயில் நிலையத்தில், சென்னை வண்டிக்கு முன்னால், பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு பலவேசம் அண்ணாச்சி வந்தார். ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து பார்த்துவிட்டு, கடைசியில் என்னைக் கண்டார். ஓடி வந்ததில் பேச்சு வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"யாவாரத்துக்குப் போவாம வியாழக்கிழமை பூராத்தையும் போட்டுப் பாத்துட்டேன்மா" என்றார். "பேச்சு ஒரு எழுத்துகூட இல்ல. உங்ககிட்ட பொய் சொல்லமாட்டேன். ஆனா பேச ஆரம்பிக்கதுக்கு முன்னால பய ஒரு மூச்சு இழுக்காம்லா, அதுக்குப் பொறவுதான் என் வெரலு போயிருக்கு. ஒவ்வொரு பாட்டு முடிவுலயும் அது மட்டும் இருக்கு. அத எல்லாத்தையும் சேத்துப் பதிஞ்சு கொண்டாந்திருக்கேன்."